வானைப் படம் பிடிக்க எந்தக் கமரா?

(சங்கத்தின் இளைஞர் வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயத்தையும் தமிழையும் வளர்க்கும் சங்கத்திலே கமராவைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நம்முடைய திருநாட்களின் பெயர்களை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, மாசி மகம், பங்குனி உத்தரம் எல்லாம் விண்மீன்களின் பெயரைத் தாங்கியவை. பஞ்சாங்கத்தைத் திறந்தால் நாள்தோறும் ஒரு நட்சத்திரம். ஆயினும் அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு சிறுவன் கேட்டால், கை நீட்டிக் காட்டவல்லவர் நம்மில் எத்தனை பேர்? இந்தக் குறையை நம் இளைஞர் சிலர் கமராவின் துணைகொண்டு நீக்கப் புறப்பட்டிருக்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரியது.

அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "கையில் ஒரு பழைய கமரா இருக்கிறது. இதைவிட நல்லதொன்று வாங்க வேண்டும். செலவும் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். எதை வாங்குவது?" இந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் அதன் பின்னால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இருக்கிறது. கமராக்கள் நமக்குப் பிற நாடுகளிலிருந்து வருபவை. அவற்றின் விலை டொலரோடு கட்டுண்டது. 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் சில வாரங்களுள் ஒரு டொலரின் மதிப்புச் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. முதல் வேலையிற் சேர்ந்த இளைஞன் ஒருவன் தவணைக் கடனில் விலையுயர்ந்த கமராவை வாங்குகிறான். அதைக் கொண்டு எடுத்த படமும் பழைய படத்தைப் போலவே இருந்தால் அவன் மனம் என்னாகும்? கடன் மிஞ்சும், வானத்தின் மேல் இருந்த ஆசை போய்விடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். வானத்திலே போடுவதையும் அளந்துதான் போட வேண்டும்.

நமது விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீங்கள் எடுத்த படத்தை முன்னே வைத்துக்கொண்டு, அதில் உள்ள குறை எது என்று கண்டுபிடியுங்கள். அந்தக் குறையை எந்தப் பொருள் நீக்குமோ அதை மட்டும் வாங்குங்கள். அப்படிப் பார்த்தால், பெரும்பாலான வேளைகளில் வாங்க வேண்டியது புதுக் கமராவாக இராது. எப்போது அது கமராவாகவே இருக்கும் என்பதையும் பின்னர் சொல்லுவோம்.

இதற்குச் சான்றாக ஒரு வரலாற்றைக் கூற விரும்புகிறோம். எட்வர்ட் எமெர்சன் பார்னாட் என்பவர் 1857 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் மிக வறிய குடும்பத்திற் பிறந்தவர். பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர். ஒன்பது வயதளவில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். படத்தைப் பெருப்பிப்பதற்குச் சூரிய ஒளியைப் பயன்படுத்தும் பெரிய கருவி ஒன்று அங்கே கூரைமேல் இருந்தது. சூரியன் நகர நகர அந்தக் கருவியையும் கையால் நகர்த்தி, அதனை எப்போதும் சூரியனை நோக்கியே வைத்திருப்பதுதான் அந்தச் சிறுவனின் வேலை. வானத்தின் ஓட்டத்தைப் பொறுமையோடு பின்தொடரும் பழக்கம் அங்கேதான் அவருக்கு ஏற்பட்டது. இருபது வயது நிரம்புமுன், தம்முடைய ஆண்டு வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 380 டொலரைக் கொடுத்து, ஐந்து அங்குலத் தொலைகாட்டி ஒன்றை வாங்கினார். அந்நாளிலே புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டுபிடிப்போருக்கு 200 டொலர் பரிசளித்து வந்தார் ஒரு செல்வந்தர். பார்னாட் அடுத்தடுத்து வால்வெள்ளிகளைக் கண்டு, அந்தப் பரிசுப் பணத்தால் வீடே கட்டிக்கொண்டார்.

பின்னர் 1888 இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வு நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே 36 அங்குலத் தொலைகாட்டி இருந்தது. வில்லைத் தொலைகாட்டிகளுள் அக்காலத்தில் உலகிலேயே பெரியது அதுதான். ஆயினும் பால்வீதியைப் படம் பிடிக்க அவர் எடுத்துக்கொண்டது எது தெரியுமா? சன்பிரான்சிஸ்கோ நகரத்துப் படப்பிடிப்பு நிலையமொன்றில் மனிதரின் முகங்களைப் படம் பிடித்துப் பழகிய, ஏறக்குறைய ஆறு அங்குலமுள்ள ஒரு பழைய வில்லை. வில்லாட் வில்லை என்பது அதன் பெயர். அதை விண்மீன்களோடு சேர்ந்து நகரும் மேடையில் பூட்டி, துணைத் தொலைகாட்டியின் வழியாக ஒரு விண்மீனைக் கண் கொட்டாது காத்து, மணிக்கணக்காக அவர் படம் எடுத்தார். 1889 முதல் அவர் அவ்வாறு எடுத்த படங்கள் பால்வீதியின் கரிய முகில்களையும் ஒளி முகில்களையும் உலகுக்குக் காட்டின. 1892 செப்டெம்பரில் அந்தப் பெருந்தொலைகாட்டியினூடே கண்ணாற் பார்த்து வியாழனின் ஐந்தாவது சந்திரனைக் கண்டார். அடுத்த மாதமே அந்தப் பழைய வில்லையால் எடுத்த படத்தில் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். படத்தின் மூலமாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்வெள்ளி அதுவே. சிறிய சந்திரனுக்குப் பெரிய கருவி. பரந்த வானத்துக்குச் சிறிய வில்லை. வேலைக்கு ஏற்ற கருவியைத் தெரிந்தெடுத்ததே அவருடைய பெருமை.

இனி, வானப்படம் எவ்வாறு உருவாகிறது என்று பார்ப்போம். மூன்று காரியங்கள் அதில் சம்பந்தப்பட்டுள்ளன. ஒளி உள்ளே வரும் துவாரம் ஒன்று; அந்தத் துவாரம் திறந்திருக்கும் நேரம் இரண்டு; வந்த ஒளியை ஏற்கும் சில்லு மூன்று. கடைக்காரர் நமக்கு விற்க முயல்வது மூன்றாவதை. படத்தை மிகுதியாக மாற்றுபவையோ முதல் இரண்டுமே.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சில்லின் மேல் விழும் ஒளியில் எவ்வளவு பங்கு பதிவாகிறது என்பதே சில்லின் திறமை. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய சாதாரண கமராவில் அது ஏறக்குறைய பாதி. இன்றைய சிறந்த சில்லுகளில் ஏறக்குறைய 80 வீதம். எனவே எவ்வளவு பணம் கொடுத்துப் புதிய சில்லு வாங்கினாலும், பதிவாகும் ஒளி இரண்டு மடங்காகவும் ஆகாது. இப்போது வில்லையைப் பாருங்கள். கமராவோடு சேர்த்துத் தரப்படும் 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையான வில்லையை 50 மில்லிமீற்றரில் வைத்தால், அதன் துவார எண் பெரும்பாலும் 5.6 ஆக இருக்கும். அதாவது ஒளி நுழையும் வழியின் விட்டம் 9 மில்லிமீற்றர். துவார எண் 1.8 உடைய 50 மில்லிமீற்றர் வில்லையிலோ அந்த விட்டம் 28 மில்லிமீற்றர். பரப்பளவில் இது ஒன்பது மடங்குக்கு மேல். முழுவதும் திறந்தால் ஓரத்து விண்மீன்கள் சிறகு முளைத்தாற்போற் சிதையும் என்பதால் 2.8 வரை ஒடுக்கினாலும், பழைய வில்லையைவிட நான்கு மடங்கு ஒளி கிடைக்கிறது. கனன், நிக்கோன் கமராக்களுக்குரிய வில்லைகளில் மிக மலிவானவற்றுள் இது ஒன்று. பழையதாகவும் எளிதிற் கிடைக்கும். கமராவை மாற்றி இரண்டு மடங்குக்குக் குறைவாகப் பெறுவதா, வில்லையை மாற்றி நான்கு மடங்கு பெறுவதா? விடையை உங்கள் பணப்பையே சொல்லும்.

இனிப் படத்தில் வழக்கமாகக் காணும் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது குறை, விண்மீன்கள் புள்ளிகளாக இன்றிக் கோடுகளாக இழுபட்டிருத்தல். இதற்குக் காரணம் கமரா அன்று, பூமியின் சுழற்சி. வானம் ஒரு செக்கனுக்குப் பாகையின் 240 இல் ஒரு பங்கு நகர்கிறது. இது மிகச் சிறிதுபோலத் தோன்றும். ஆனால் நடுத்தரக் கமரா ஒன்றில் 50 மில்லிமீற்றர் வில்லையைப் பூட்டி முக்காலியில் வைத்தால், ஏறக்குறைய 1.2 செக்கனில் விண்மீன் ஒரு படப்புள்ளியிலிருந்து அடுத்ததற்குப் போய்விடும். ஆறு செக்கனுக்கு மேலே திறந்து வைத்தால் இழுபடுதல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். புதுக் கமரா வாங்கினால் பூமி நிற்குமா? நில்லாது. இங்கு வேண்டியது வானத்தோடு சேர்ந்து திரும்பும் மேடை. மின்னோட்டத்தால் இயங்கும் சிறு மேடைகள் கடைகளில் விற்பனைக்கு உள்ளன. பணமில்லாதவர் தாமே செய்துகொள்ளலாம். ஜோர்ஜ் ஹேக் என்பவர் 1970 களில் வகுத்துக் காட்டிய முறை மிக எளிது. இரண்டு பலகைகளை ஒரு கதவுப் பிணைச்சலால் இணைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றர் நகரும் திருகாணி ஒன்றைப் பிணைச்சலின் அச்சிலிருந்து 228.5 மில்லிமீற்றர் தூரத்திற் பொருத்த வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம், அதாவது 15 செக்கனுக்குக் கால் சுற்றாக, அதைத் திருப்பிக்கொண்டிருந்தால், மேற்பலகையும் அதிலுள்ள கமராவும் வானத்தின் வேகத்திலேயே திரும்பும். ஆறு மில்லிமீற்றர்த் தடிப்புள்ள சாதாரண திருகாணியில் இந்த அளவு புரியே இருக்கும். இந்த மேடையில் 50 மில்லிமீற்றர் வில்லையை ஒன்றிரண்டு நிமிடம் திறந்து வைக்கலாம். ஆறு செக்கன் அறுபது செக்கனாகும்போது ஒளி பத்து மடங்காகிறது.

பிணைச்சலின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்க வேண்டும். இதில் நமக்கு ஓர் இடர் உண்டு. துருவ நட்சத்திரம் யாழ்ப்பாணத்தில் அடிவானத்திலிருந்து ஒன்பதரைப் பாகையளவு உயரத்திலேயே நிற்கிறது. கொழும்பில் ஏழு பாகை. பனைகளும் வீடுகளும் அதை மறைத்துவிடும். அதைக் காண இயலாவிட்டால், சரியான வடதிசையை அறிந்து, ஊரின் அகலக்கோட்டளவுக்கு அச்சை உயர்த்தினாற் போதும். குறுகிய வில்லைக்கு இந்த ஒழுங்கே தகும்.

இரண்டாவது குறை, படத்தில் மணல் தூவினாற்போன்ற தானியம். இதைக் கண்டதும் கமரா பழுது என்று முடிவுகட்டிவிடுகின்றனர். ஒளி குறைவாக வந்ததே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒரே இடத்தைப் பல முறை படம் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காணுவதே இதற்கு மருந்து. படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத் தெளிவு கூடும். 16 படம் அடுக்கினால் நான்கு மடங்கு. 100 படம் அடுக்கினால் பத்து மடங்கு. டீப் ஸ்கை ஸ்டாக்கர், சிரில் என்னும் மென்பொருள்கள் இவ்வேலையைச் செய்கின்றன, இரண்டும் இலவசம். வில்லையை மூடி அதே நேர அளவில் எடுத்த சில கரும்படங்களைச் சேர்த்தால், சில்லின் சூட்டால் வரும் பொய்ப் புள்ளிகளும் கழிந்துவிடும். இம்மருந்துக்கு ஒரு சதமும் செலவில்லை, பொறுமையே செலவு.

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஒரு செய்தி இதனை நன்கு விளக்கும். அந்திரொமீடாப் பேரடை உலகிலே மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட வான்பொருள்களில் ஒன்று. அதன் அருகே முன்பு எவருமே கண்டிராத பெரிய ஒட்சிசன் ஒளிவளைவொன்றை, மார்சல் டிரெக்சிலர், சேவியர் ஸ்ட்ரொட்னர், யான் செயின்ரி ஆகிய பொழுதுபோக்கு ஆர்வலர் கண்டறிந்தனர். அவர்களின் கருவி விலை குறைந்ததன்று. ஆயினும் அதன் துவாரம் பத்துச் சென்ரிமீற்றரளவே. நூறு மணி நேரத்துக்கு மேலாக ஒளியைச் சேர்த்ததனாலேயே பெரிய வானாய்வு நிலையங்கள் காணாததை அவர்கள் கண்டனர்.

மூன்றாவது குறை, விண்மீன்கள் கூர்மையின்றிப் பருத்திருத்தல். குவியம் சரியாகப் பொருந்தாததே காரணம். இருளில் தானியங்கிக் குவிப்பு வேலை செய்யாது. கமராவின் திரையில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பத்து மடங்கு பெருப்பித்து, கையாலே குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். ருசியரான பாவெல் பாக்தினொவ் அமைத்த கோடு வெட்டிய மறைப்பு ஒன்றை வில்லையின் முன் வைத்தால், விண்மீனைச் சுற்றி மூன்று கதிர்க்கோடுகள் தோன்றும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் நேர் நடுவில் வரும்போது குவியம் சரி. தடித்த அட்டையிலே வெட்டியும் அதைச் செய்யலாம்.

நான்காவது குறை, வானம் செம்மஞ்சளாகவோ வெண்மையாகவோ வெளுத்திருத்தல். இது தெருவிளக்கின் குறை. எக்கமராவும் இதைத் தீர்க்காது. பஞ்சாங்கத்தைப் பார்த்து அமாவாசையை ஒட்டிய இரவைத் தெரிந்து, பட்டணத்தை விட்டு வெளியே போக வேண்டும். வன்னியின் குளக்கரை ஒன்றுக்குப் பெரியோர் துணையோடு போய்வரும் பேருந்துக் கட்டணம், ஆயிரம் டொலர்க் கமராவிலும் அதிக பயன் தரும். நமது நாட்டுக்கு வேறொரு பேறும் உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உள்ளவர்கள் தென்வானத்தின் செல்வங்களைக் காண்பதேயில்லை. ஒமேகா சென்ரோறி என்னும் பெரிய விண்மீன்திரள் யாழ்ப்பாணத்தில் 33 பாகை உயரத்துக்கு ஏறி வருகிறது. கரினா வான்முகில் 20 பாகை வரை வருகிறது. வெளிநாட்டவர் பணம் செலவிட்டுத் தேடிச் செல்லும் வானம் நம் முற்றத்தின் மேலேயே இருக்கிறது.

நிற்க. இக்குறைகள் எல்லாம் நீங்கிய பின்னும் படம் நிறைவளிக்காவிட்டால், அப்போது கமராவைப் பற்றி எண்ணலாம். எண்ணும்போது, நீங்கள் எதைப் படம் பிடிக்க விரும்புகிறீர்கள் என்பதே வழிகாட்டி.

பால்வீதியையும் நட்சத்திரக் கூட்டங்களையும் விரும்புவோருக்குக் கையிலுள்ள கமராவே போதும். அதில் படங்களைச் சுருக்காத மூல வடிவத்திற் பதியும் வசதியும், நேரத்தையும் துவாரத்தையும் கையால் அமைக்கும் வசதியும் இருந்தாற் சரி.

கிரகங்களை விரும்புவோருக்குப் பெரிய கமரா வீண். வியாழன் நம் கண்ணுக்குப் பாகையின் எண்பதில் ஒரு பங்கு அகலமே உடையது. ஒரு மீற்றர்க் குவியத்தூரமுள்ள தொலைகாட்டி அதன் பிம்பத்தை ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்களவாகவே தரும். 36 மில்லிமீற்றர் அகலமான சில்லில் அது கடுகளவு. இதற்கு வேண்டியது செக்கனுக்குப் பல படங்களாக எடுத்துக் கணினிக்கு அனுப்பும் சிறிய கிரகக் கமரா. ஆயிரக்கணக்கான படங்களுள், காற்று அமைதியாயிருந்த கணங்களிற் கிடைத்தவற்றை மட்டும் பொறுக்கி அடுக்குவதே இதன் இரகசியம். இவ்வகைக் கமராக்கள் வானத்துக்கென ஆக்கப்பட்டவற்றுள் மிக மலிவானவை. தொலைகாட்டி உடையவருக்கு இதுவே நல்ல முதல் முதலீடு.

சிவந்த வான்முகில்களை விரும்புவோர் கதை வேறு. ஐதரசன் வாயு 656.3 நனோமீற்றர் அலைநீளத்தில் ஆழ்ந்த செந்நிறமாக ஒளிர்கிறது. சாதாரண கமராவின் சில்லின் முன்னுள்ள வடிகட்டி, மனிதரின் தோல் நிறம் சரியாக வர வேண்டுமென்பதற்காக, அந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கனன் நிறுவனம் 2005, 2012, 2019 ஆம் ஆண்டுகளிலும் நிக்கோன் நிறுவனம் 2015 இலும் இச்சிவப்பை அனுமதிக்கும் சிறப்புக் கமராக்களை வெளியிட்டன. அவை விலை மிகுந்தவை. எட்டக்கூடிய வழி, பழைய கமரா ஒன்றின் அந்த வடிகட்டியைத் தேர்ந்த தொழிலாளர் ஒருவரைக்கொண்டு அகற்றுவிப்பது. அப்படி மாற்றப்பட்டதை மாற்றப்பட்ட நிலையிலேயே வாங்குவதும் உண்டு. அவ்வாறு செய்தபின் அந்தச் சிவப்பு மும்மடங்கு, நான்மடங்கு பதியும். ஆனால் விண்மீன்திரள்களுக்கும் பேரடைகளுக்கும் பெரிய பயன் இராது. பகலிற் கலியாண வீட்டுப் படம் எடுத்தால் எல்லார் முகமும் செவ்வண்ணமாகும். ஆகையால் வீட்டில் உள்ள ஒரே கமராவை இப்படி மாற்றுவது முறையன்று.

வானத்துக்கென்றே ஆன குளிரூட்டும் கமரா கடைசிப் படி. நம்முடைய வெப்ப நாட்டுக்கு இதில் ஒரு தனி நியாயமும் உண்டு. சில்லின் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை கூடுந்தோறும் அதன் பொய் மின்னோட்டம் இரட்டிக்கிறது. சோனி நிறுவனத்தின் ஐ.எம்.எக்ஸ். 533 என்னும் சில்லுடைய குளிரூட்டும் கமராக்கள் சுற்றுப்புறத்திலும் 35 பாகை வரை குளிரக்கூடியவை. பொய் மின்னோட்டம் ஐம்பதில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தனியே இயங்காது. கணினி வேண்டும், 12 வோல்ற் மின்சாரம் வேண்டும், உறுதியான மேடை வேண்டும். கமராவின் விலையோடு இவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். அளவையும் பாருங்கள். அந்தச் சில்லு 11.3 மில்லிமீற்றர்ச் சதுரம். 200 மில்லிமீற்றர் வில்லையில் அந்திரொமீடாப் பேரடையின் பிம்பம் பத்தரை மில்லிமீற்றர் நீளம். அது சட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கும். பழைய கமராவின் 22 மில்லிமீற்றர்ச் சில்லிலோ தாராளமாக அமரும்.

இங்கே ஒரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். முழுச் சட்டகக் கமரா வாங்கினால் எல்லாம் சிறக்கும் என்பர் சிலர். சாளரத்தைப் பெரிதாக்கினால் தோட்டத்தில் அதிக இடம் தெரியும். அதனாற் பூ ஒவ்வொன்றும் பெரிதாகிவிடுமா? அதே வில்லையைப் பூட்டினால் வான்முகிலின் பிம்பம் அதே அளவுதான். அதன்மேல் விழும் ஒளியும் அதே அளவுதான். சுற்றியுள்ள வானம் மாத்திரம் அதிகம் தெரியும். ஓரம் வரை கூர்மையாக வரைய அதற்கேற்ற விலையுயர்ந்த வில்லையும் வேண்டிவரும்.

பழைய கமரா வாங்குவோருக்குச் சில குறிப்புகள். 2020 ஆம் ஆண்டின் பின் பெரிய நிறுவனங்களின் கவனம் ஆடியில்லாக் கமராக்கள்மேற் சென்றுவிட்டதால், ஆடியுள்ள பழைய கமராக்கள் கைமாறும் சந்தையில் மலிந்துள்ளன. திரையிலே நேரடியாகப் பார்க்கும் வசதி இல்லாத மிகப் பழைய மாதிரிகளைத் தவிருங்கள். அவற்றிற் குவியம் பார்ப்பது பெரும்பாடு. 2011 இல் வந்த கனன் 600டி, 2013 இல் வந்த நிக்கோன் டி5300 ஆகியவற்றின் திரை மடங்கித் திரும்பக்கூடியது. தலைக்கு மேலுள்ள வானத்தைப் படம் பிடிக்கையிற் கழுத்து நோகாது. வாங்குமுன் வில்லையை மூடி, ஐ.எஸ்.ஓ. 1600 இல் 30 செக்கன் படமொன்று எடுத்துப் பாருங்கள். சில வெண்புள்ளிகள் இருப்பது இயல்பு. கோடுகளோ ஒளித் திட்டுகளோ இருந்தால் வேண்டாம். வில்லையினூடே ரோச் லைற் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோற் பங்கசு படர்ந்திருந்தால் அதைத் தொடவும் வேண்டாம். பற்றறி இன்னும் விற்பனையில் உள்ளதா என்றும் விசாரியுங்கள்.

வாங்கியதைக் காப்பதும் செலவைக் குறைப்பதே. நம் நாட்டின் ஈரக்காற்றில் பங்கசு மிக விரைவாக வளரும். காற்றுப் புகாத பெட்டியிற் சிலிக்கா செல் பொட்டலங்களோடு கமராவை வைத்திருங்கள். பனி இறங்கும் இரவில் வில்லையின் முன் அட்டைக்குழல் ஒன்றைச் செருகுங்கள். பனிநீர் படிவதைச் சிறிது நேரமாவது அது தடுக்கும்.

ஆகவே, பணம் கொஞ்சமாக உள்ள இளைஞனுக்கு நாம் கூறும் ஒழுங்கு இது. முதலில், உள்ள கமராவோடு ஓர் உறுதியான முக்காலி. அதனோடு படங்களை அடுக்கும் பயிற்சி. இரண்டாவது, 50 மில்லிமீற்றர் வில்லை. மூன்றாவது, கையால் செய்த மேடை. பின் இயலுமானால் மின்மேடை. நான்காவதாகவே கமரா, அதுவும் பழையதாக, விரும்பும் பொருளுக்கு ஏற்றதாக. இந்த ஒழுங்கில் முதல் மூன்றும், பின்னர் எந்தக் கமராவை வாங்கினாலும் பெரும்பாலும் கூடவே வரும். கமராக்கள் பழசாகும், நல்ல வில்லையும் மேடையும் நீண்ட காலம் உழைக்கும்.

இன்னொரு விண்ணப்பம் சங்கத்தாருக்கு. புத்தகங்களை இரவல் கொடுப்பது நம் வழக்கம். அதைப் போல ஒரு மின்மேடையையும் ஒரு வில்லையையும் சங்கத்தின் பொதுச் சொத்தாக வைத்து, இளைஞருக்கு முறைவைத்துக் கொடுக்கலாகாதா? பத்து இளைஞர் தனித்தனியே கடன்பட்டு வாங்குவதிலும் பத்துப்பேர் கூடி ஒன்றைப் பேணுவது சிறந்தது. மேடையை ஒருவன் திருப்ப, நேரத்தை மற்றவன் பார்க்க, படத்தை மூன்றாமவன் அடுக்கட்டும். வானத்தோடு நட்பும் அவ்வாறே வளரும்.

2019 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2020 பெப்ரவரி வரை திருவாதிரை நட்சத்திரம் வழக்கத்துக்கு மாறாக மங்கியது. அது வெளியேற்றிய பொருள் தூசியாகி அதன் ஒளியை மறைத்ததே காரணம் என்று பின்னர் அறிஞர் விளக்கினர். நாம் திருவெம்பாவைப் பூசைக்கு எழுந்து கோயிலுக்குச் சென்ற அதே மார்கழியில், அப்பூசையின் நிறைவு நாளுக்குப் பெயர் தந்த விண்மீன் கண் முன்னே ஒளி குன்றிக்கொண்டிருந்தது. ஒரு சாதாரண கமராவும் முக்காலியும் கொண்டு வாரம் ஒரு படம் எடுத்து, பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டிருந்தால், அந்த மாற்றத்தை எந்த ஊரிலிருந்தும் எவரும் பதிவு செய்திருக்கலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. ஒழுங்காக அண்ணாந்து பார்க்கும் பழக்கமே தேவைப்பட்டது.

மாரி கழிந்து வானம் வெளுக்கும் தை, மாசி மாதங்களில் கார்த்திகையும் மிருகசீரிடமும் திருவாதிரையும் மாலையிலேயே தலைக்கு மேல் நிற்கும். கையில் உள்ள கமராவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போங்கள். முதலில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படம் தன் குறையைத் தானே சொல்லும். பின்பு எதை வாங்குவது என்று யாரையும் கேட்க வேண்டியிராது.